காற்றைப் படிக்க ஒரு திருவிழா

பலூன் திருவிழாக்கள் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டன. கூட்டம் கூடுகிறது, படம் எடுக்கிறது, கலைகிறது. அந்தத் திடலில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய பாடத்தை முறையாகக் கொடுக்கும் நேரம் வந்திருக்கிறது.

பொங்கல் விடுமுறை என்றால் பொள்ளாச்சி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பும் ரேக்ளா பந்தயமும் மட்டுமல்ல, விடியற்காலை வானத்தில் மிதந்து போகும் பலூன்களும் இப்போது நினைவுக்கு வருகின்றன. 2015-இல் தொடங்கிய தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா, 2025-இல் சென்னையை அடுத்த திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை என மூன்று ஊர்களுக்கு விரிந்தது. வெளிநாட்டு பைலட்கள் தங்கள் பலூன்களோடு வந்து இறங்குகிறார்கள். ஊரே திரண்டு அண்ணாந்து பார்க்கிறது. சுற்றுலாவுக்கு நல்லது, வியாபாரத்துக்கு நல்லது, விடுமுறை நாளுக்கு நிறைவும்கூட. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் இந்தத் திருவிழா தரக்கூடியதில் பாதியைத்தான் நாம் வாங்கிக்கொள்கிறோம். மனிதரைச் சுமந்து பறக்கும் கருவிகளிலேயே, பத்து வயதுப் பிள்ளை முழுமையாகக் கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு, சிறிய அளவில் கையால் செய்தும் பார்க்கக்கூடியது வெப்பக்காற்று பலூன்தான். அப்படிப்பட்ட கருவி ஊர்த் திடலுக்கே வந்து நிற்கும்போது அதைப் பள்ளிக்கூடமாக்காமல் விடுவது பெரிய இழப்பு. பலூன் திருவிழாவின் மையத்தில் சவாரி இருக்கக் கூடாது, பிள்ளைகளின் கல்வி இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மறைக்க எதுவுமில்லாத கருவி

விமானத்தின் இன்ஜின் மூடிக்குள் இருக்கிறது. இறக்கை எப்படி அதைத் தூக்குகிறது என்பதை விளக்கச் சொன்னால் பொறியியல் மாணவர்களே தடுமாறுவார்கள். ராக்கெட்டுக்குப் பக்கத்தில் போகவே முடியாது. பலூனில் இருப்பதோ ஒரு பிரம்புக் கூடை, அதன் மேல் புரொப்பேன் எரிவாயுவில் எரியும் பர்னர், அதற்கும் மேல் தைத்த நைலான் துணி. விடிவதற்கு முன் அந்தத் துணியைத் தரையில் நீளமாக விரிக்கிறார்கள். கூடையைப் பக்கவாட்டில் சாய்த்துத் துணியோடு கம்பிகளால் பிணைக்கிறார்கள். பெரிய விசிறி ஒன்று முதலில் சாதாரணக் காற்றையே உள்ளே தள்ளுகிறது. துணி உப்புகிறது, தரையில் புரள்கிறது, ஆனால் எழுவதில்லை. பிறகு பைலட் பர்னரைத் திறக்கிறார். ஆளுயரத் தீ இரைச்சலோடு உள்ளே பாய்கிறது. பலூனின் உச்சியில் கட்டிய கயிற்றை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க, துணி மெல்ல நிமிர்ந்து, கூடையையும் நிமிர்த்திவிட்டு, மேலே போகத் துடிக்கிறது. உள்ளே முன்பு இருந்ததும் காற்று, இப்போது இருப்பதும் காற்று. மாறியது சூடு மட்டும். பரிசோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பது என்று அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள். அந்த விதி ஏழு மாடி உயரத்தில் எழுந்து நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் பலூன் ஏன் மேலே போகிறது என்று கேட்டால், தீ தள்ளுகிறது, புகை தூக்குகிறது, உள்ளே ஏதோ வாயு இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்தத் தவறான பதிலுக்குப் பிள்ளை கூச்சப்படத் தேவையில்லை. பலூனைக் கண்டுபிடித்தவர்களே அப்படித்தான் நம்பினார்கள். பிரான்சில் காகிதம் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜோசப், எத்தியேன் மோங்கோல்ஃபியே சகோதரர்கள், 1783 ஜூன் 4 அன்று அன்னோனே ஊரில் தங்கள் பலூனை ஊரார் முன்னிலையில் பறக்கவிட்டார்கள். புகையில் ஒரு தனி வாயு இருக்கிறது, அதுதான் தூக்குகிறது என்று கருதி ஈர வைக்கோலையும் கம்பளி உரோமத்தையும் எரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில் மன்னர் முன்னிலையில் ஓர் ஆடும் வாத்தும் சேவலும் பறந்து பத்திரமாக இறங்கின. நவம்பர் 21 அன்று பிலாத்ர் டி ரோசியேவும் மார்க்கி டார்லாந்தும் பாரிஸ் நகரின் மேல் 25 நிமிடம் பறந்தார்கள். மனிதன் முதன்முதலாகக் கட்டற்றுப் பறந்த நாள் அது. பறந்தும்கூட, எதனால் பறந்தோம் என்ற விளக்கம் பிழையாகவே இருந்தது.

சரியான விளக்கத்துக்கு வழி அமைத்தவரும் பலூன்காரர்தான். ழாக் சார்ல் என்ற பாரிஸ் இயற்பியலாளர் அதே 1783-இல் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைச் செய்து, டிசம்பர் 1 அன்று தானே பறந்தார். வாயுவைச் சூடாக்கினால் எந்தக் கணக்கில் விரிகிறது என்று 1787 வாக்கில் ஆராய்ந்தார். அதை அவர் வெளியிடவில்லை. 1802-இல் கே-லூசாக் அந்த விதியை வெளியிட்டபோது சார்லின் பங்கையும் குறிப்பிட்டார். அதே கே-லூசாக் 1804-இல் தனியாகப் பலூனில் ஏறி ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்த காற்றைக் குடுவையில் பிடித்துக்கொண்டு வந்தார். இன்று நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் சார்லஸ் விதி என்று படிப்பது இதைத்தான். அழுத்தம் மாறாத நிலையில் வாயுவின் பருமன் அதன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அது பலூன் கட்டியவர் தேடிப் பிடித்த விதி என்றும், அதன் சாட்சி பொங்கலன்று தங்கள் தலைக்கு மேலேயே போனது என்றும் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த வரி வேறு மாதிரி மனதில் நிற்கும்.

காற்றுக்கு எவ்வளவு எடை?

இங்கே கணக்குக்கு வருவோம், ஏனென்றால் பலூனின் அழகு கணக்கில்தான் முழுதாக வெளிப்படுகிறது. பைலட்டோடு மூன்று நான்கு பேரை ஏற்றும் நடுத்தர பலூனின் கொள்ளளவு சுமார் 2,200 கனமீட்டர். கடல்மட்டத்தில், 20 டிகிரி செல்சியஸில் அவ்வளவு காற்றின் எடை ஏறக்குறைய 2,650 கிலோ. காற்றுக்கு எடையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு எண்ணே பெரிய திறப்பு. அதே இடத்தை 100 டிகிரி சூடான காற்று நிரப்பினால் எடை சுமார் 2,080 கிலோதான். காற்று விரிந்து, மிச்சம் கீழ்வாய் வழியாக வெளியேறிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 570 கிலோவைத்தான் பலூன் தூக்க முடியும். கிணற்றில் விழுந்த தேங்காய் நெற்று தண்ணீரில் மிதப்பதும் பலூன் காற்றில் மிதப்பதும் ஒரே விதியால். அதே பருமனுள்ள தண்ணீரைவிட நெற்று லேசு, அதே பருமனுள்ள காற்றைவிட பலூன் லேசு. துணி, கூடை, பர்னர், சிலிண்டர்களுக்கு 250 கிலோ போனால் மீதி 320 கிலோவில் நான்கு பேர் போகலாம். வெளியே 30 டிகிரி ஆகிவிட்டால் வெளிக்காற்றின் எடை குறைந்து, தூக்கும் சக்தி சுமார் 480 கிலோவாகச் சரிகிறது. ஓர் ஆள் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். பலூன்காரர்கள் ஏன் விடியற்காலையில் பறக்கிறார்கள் என்பதற்கான காரணங்களில் ஒன்று இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

இதைக் கரும்பலகையோடு விட்டுவிடத் தேவையில்லை. பட்டம் ஒட்டப் பயன்படும் மெல்லிய வண்ணத் தாளை இதழ் இதழாக வெட்டி ஓரங்களை ஒட்டினால் பலூன் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பலூனின் குறுக்களவு அரை மீட்டர் என்றால் தாளின் எடை 16 கிராம் வரும். உள்ளே சராசரியாக 70 டிகிரிக்குச் சூடான காற்று நிரம்பினாலும் அது தூக்கக்கூடியது 11 கிராம்தான். பலூன் எழாது. குறுக்களவை ஒரு மீட்டராக்கினால் தாள் நான்கு மடங்காகி 63 கிராம் ஆகிறது. உள்ளே அடங்கும் காற்றோ எட்டு மடங்காகி, தூக்கும் சக்தி 90 கிராம் ஆகிறது. பலூன் எழும்! பரப்பு இருபடியாகவும் பருமன் முப்படியாகவும் வளர்கின்றன என்று கணக்குப் புத்தகம் சொல்லும் செய்தி, கையிலிருந்து விடுபட்டு மேலே போகும் தாளாகக் கண்முன் நிற்கிறது. சின்ன பலூன் ஏன் எழவில்லை என்று கேட்டுவிட்டு, பெரியதாகச் செய்தால் எழுமா என்று வகுப்பையே கணக்குப் போட வைத்து, பிறகு செய்து பார்க்கலாம். முன்கூட்டியே கணித்து, சோதித்து, கணிப்பு சரியா என்று பார்ப்பது அறிவியலின் உயிர். அதைக் குறைந்த செலவில், கூரையில்லாத மைதானத்தில் நடத்திவிட முடியும்.

திசையைத் தேர்ந்தெடுக்கும் கலை

பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. பைலட்டின் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: பர்னரைத் திறந்தால் ஏற்றம், உச்சியிலுள்ள துணி வால்வைக் கயிற்றால் இழுத்தால் இறக்கம். எந்தத் திசையில் போவது என்பது காற்றின் விருப்பம். ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால், சரியான உயரத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் திசையையும் ஓரளவு தேர்ந்தெடுக்கலாம். இந்த வித்தையை உலகுக்கே காட்டிய இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்புகர்கி. 1972-இல் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய திருவிழா அங்கே இன்று உலகிலேயே பெரியது. அக்டோபரில் ஒன்பது நாள் நடக்கும் அந்த விழாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலூன்கள் கலந்துகொள்கின்றன. அந்த ஊர் வாகாக அமைந்ததற்கு நிலவமைப்பே காரணம். இரவில் குளிர்ந்து கனத்த காற்று ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து தெற்கே வழிகிறது. அதற்கு மேலே காற்று பல நாட்களில் தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது. தாழப் பறந்து தெற்கே போய், ஏறி வடக்கே திரும்பி, இறங்கினால் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம். பலூன்காரர்கள் இதை ‘ஆல்புகர்கி பெட்டி’ என்கிறார்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் இந்த அடுக்கு கலைந்துவிடும்.

பொள்ளாச்சிக்கும் அப்படியொரு தனி அமைப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலருகே இருக்கிறது அந்த ஊர். ஆனி, ஆடியில் அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியாக உள்ளே புகுந்து, உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மார்கழி, தை மாதங்களில் காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே கணவாயைக் கடந்து கேரளத்துக்குள் வீசுகிறது. மலையாள விருச்சிக மாதத்தில் தொடங்கும் அந்த வறண்ட காற்று பாலக்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2025 பொங்கல் திருவிழாவில் பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்ட பலூன் மாநில எல்லையைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்து வயலில் இறங்கியது செய்தியானது. வழிதவறிய பலூன் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். தை மாதக் காற்று போகும் வழியில்தான் அது போனது. கணவாயும் பருவக்காற்றும் புவியியல் பாடத்தில் இருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்து ஒரே காலையில் வானத்தில் எழுதிக் காட்டிய நிகழ்ச்சி அது. மறுநாள் வகுப்பில் வரைபடத்தை விரித்து, புறப்பட்ட இடத்தையும் இறங்கிய இடத்தையும் கோடு போட்டு இணைத்து, ஏன் இந்தத் திசை என்று கேட்க அதைவிட நல்ல வாய்ப்பு எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்?

காற்றை அடுக்கடுக்காகப் படிப்பது பலூன்காரர்களின் தனி வித்தையும் அல்ல. சென்னை மீனம்பாக்கத்தில் வானிலை ஆய்வுத் துறை காலையும் மாலையும் கருவி கட்டிய பலூனை மேலே அனுப்புகிறது. உலகம் முழுவதும் சுமார் 900 நிலையங்களிலிருந்து அதே நேரங்களில் அப்படிப் பலூன்கள் கிளம்புகின்றன. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தொலைக்காட்சியில் கேட்கிறோமே, அந்தக் கணிப்புக்கு அடிப்படைத் தரவுகளில் இவையும் உண்டு. திருவிழா பைலட்களும் பறப்பதற்கு முன் சிறு ஹீலியம் பலூனை விட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்கிறார்கள். புயலும் மழையும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற கடற்கரை மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு, மேல்காற்று ஒரு பக்கமும் கீழ்க்காற்று ஒரு பக்கமும் போகும் என்பது வாழ்நாள் முழுதும் உதவும் அறிவு.

ஆல்புகர்கி கற்றுத்தருவது

ஆல்புகர்கியை நாம் பார்க்க வேண்டியது அதன் பிரமாண்டத்துக்காக அல்ல. அங்கே பார்வையாளர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவதில்லை. பலூன்களுக்கு நடுவிலேயே நடமாட விடுகிறார்கள். துணி விரிவதையும் பர்னர் சீறுவதையும் பிள்ளைகள் கைநீட்டும் தொலைவில் பார்க்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உடையணிந்த ஒழுங்குபடுத்துநர்கள் சுற்றிலும் இடம் விலக்கிய பிறகே ஒவ்வொரு பலூனும் கிளம்பும். பைலட்கள் தங்கள் பலூனின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டைகளை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு கூடையாகப் போய்க் கேட்டு வாங்குகிறார்கள். அட்டை கேட்கப் போகும் பிள்ளை கேள்வியும் கேட்கிறது. 2005-இல் அங்கே பலூன் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. 1978-இல் பலூனில் அட்லாண்டிக் கடலை முதன்முதலில் கடந்த மூவரில் இருவரான, அந்த ஊர்க்காரர்களான மேக்ஸி ஆண்டர்சன், பென் அப்ருஸ்ஸோ பெயர்களை அது தாங்கி நிற்கிறது. ஜப்பானின் சாகா நகரிலும் இதே பாதைதான். 1980 முதல் ஆற்றங்கரையில் விழா நடக்கிறது, விழா நாட்களுக்கென்றே தனி ரயில் நிலையம் திறக்கிறார்கள், 2016-இல் ஊருக்குள் பலூன் அருங்காட்சியகமும் வந்தது. இந்த ஊர்களில் திருவிழா முடிந்த பிறகும் பலூன் ஊரில் தங்குகிறது. நமக்கு விழா முடிந்ததும் பைலட்களோடு பலூனும் விமானமேறிப் போய்விடுகிறது.

அந்தத் திடல் கற்றுத்தரும் இன்னொரு பாடம் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆல்புகர்கியில் காலையில் ஒரு கொடி ஏறும். பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் பொறுக்க வேண்டும், சிவப்பு என்றால் அன்று கிடையாது. தரைக்காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினாலே பல பைலட்கள் கைவிட்டுவிடுவார்கள். பணம் கட்டி, இரவெல்லாம் பயணம் செய்து, குளிரில் காத்திருந்த கூட்டத்தின் முன்னால் ‘இன்று இல்லை’ என்று சொல்வது எளிதல்ல. விழா ஏமாற்றிவிட்டது என்று நம் ஊரில் முணுமுணுப்பு எழும். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, எந்த அளவு பார்க்கப்பட்டது என்று ஒலிபெருக்கியில் விளக்கினால், ரத்தான காலையே அன்றைய பாடமாகிவிடும். ஆசையைவிட அளவீட்டுக்கு மதிப்புக் கொடுப்பது அறிவியல் மனப்பான்மை. அதைப் பெரியவர்கள் நூறு பேர் முன்னிலையில் கடைப்பிடிப்பதைப் பார்க்கும் பிள்ளை மறக்காது.

எழும் கேள்விகள்

முதல் கேள்வி ஆபத்தைப் பற்றியது. அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் பலூனில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். 2016 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் லாக்ஹார்ட்டில் பலூன் மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள். 2025 ஜூனில் பிரேசிலின் பிராயா கிராண்டேயில் எட்டுப் பேர் இறந்தார்கள். லாக்ஹார்ட் விபத்துக்குப் பிறகே வணிக பலூன் பைலட்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயம் என்ற விதி 2022-இல் அமெரிக்காவில் வந்தது. ஆக, பைலட்டின் உரிமம், உடல்தகுதி, எரிவாயுக் குழாய்களின் சோதனை, மின்கம்பிகள் இல்லாத பறப்புப் பாதை ஆகியவற்றில் அரசு கறாராக இருந்தே தீர வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரை கேட்பது பிள்ளைகளைக் கூட்டமாகக் கூடையில் ஏற்றச் சொல்லி அல்ல. விபத்துகள் நேர்ந்தது பறப்பில். பாடம் இருப்பது தரையில், பாதுகாப்பான தொலைவில், பலூன் விரிந்து எழும் அந்த நேரத்தில். பறப்பைப் பிள்ளைகளின் கல்விக்கு நிபந்தனையாக்காமல் இருப்பதே ஆபத்துக் கேள்விக்கு நேரான பதில்.

காகித பலூனிலும் தீ இருக்கிறதே என்று கேட்பார்கள். எரியும் திரியோடு வானில் விடப்படும் விளக்குகளால் நேர்ந்த கேடுகள் கொஞ்சமல்ல. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் உயிரியல் பூங்காவில் அப்படிப்பட்ட விளக்குகள் விழுந்து குரங்கினங்கள் இருந்த கட்டடம் எரிந்து, முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. பிரேசிலில் தீப்பிடிக்க வைக்கக்கூடிய பலூன்களைச் செய்வதும் விற்பதும் விடுவதும் 1998 முதல் குற்றம். கோடையில் காய்ந்து கிடக்கும் கூரைகளும் சருகுக் காடுகளும் உள்ள நம் ஊரில் தீ சுமந்த பலூனைப் பிள்ளைகளிடம் கொடுப்பது பொறுப்பற்ற செயல். அதற்குத் தேவையும் இல்லை. ஹேர் டிரையரோ பட்டறையில் பயன்படும் ஹீட் கன்னோ வைத்து, ஆசிரியர் கையாள, தரையில் இருந்தபடியே காற்றைச் சூடாக்கலாம். பலூனோடு தீ எதுவும் மேலே போகாது. நூல் கட்டியிருந்தால் பலூனும் எங்கேயும் போகாது, ஆறியதும் கைக்கே இறங்கி வரும். ஆறியதும் ஏன் இறங்குகிறது என்பதும் பாடத்தின் மறுபாதிதான். தீயைப் பற்றிய இந்த எச்சரிக்கையையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுத்தால், திருமணங்களிலும் கடற்கரைகளிலும் விளக்கு பலூன் விடும் வழக்கத்துக்கு எதிராகப் பேச ஒரு தலைமுறையே தயாராகும்.

இரண்டாவது கேள்வி காசைப் பற்றியது. பலூன் சவாரி வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சவாரியையே விழாவின் உச்சமாக வைக்கும்வரை இந்தக் குற்றச்சாட்டு உண்மைதான். சீட்டு வாங்க முடிந்தவர் கூடையில், முடியாதவர் வேலிக்கு வெளியே என்று விழா இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பாடத்தை மையத்துக்குக் கொண்டுவந்தால் இந்தப் பிரிவு தானாகத் தளரும். வண்ணத் தாளும் பசையும் நூலும் எந்தப் பள்ளிக்கும் எட்டாத செலவல்ல. விரியும் துணியைப் பக்கத்தில் நின்று பார்க்கக் காசு தேவையில்லை, அனுமதி போதும். பொது இடத்தில், அரசின் ஆதரவோடு நடக்கும் விழாவில் முதல் வரிசை பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

மூன்றாவது கேள்வி மனதைத் தொடுவது. பிள்ளைகள் ஒருநாளாவது சும்மா ரசிக்கட்டுமே, அங்கேயும் பாடம் நடத்தி அந்த வியப்பைக் கெடுக்க வேண்டுமா என்று பல பெற்றோர் கேட்பார்கள். திடலில் தேர்வு வைத்தால், குறிப்பெழுதச் சொன்னால், கட்டுரைப் போட்டியாக்கினால் கெடத்தான் செய்யும். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்வதால் வியப்பு குறையும் என்பது சரியல்ல. யானை உருவத்தில் பலூன் போகிறது என்பது ஒரு வியப்பு. அதற்குள் இருக்கும் காற்றே இரண்டு டன்னுக்கு மேல் இருக்கலாம், அத்தனை எடையும் மிதந்து போகிறது என்பது அதைவிடப் பெரிய வியப்பு. முதல் வியப்பு கைபேசிப் படத்தோடு தீர்ந்துபோகும். இரண்டாவது, கேள்விகளாகப் பெருகி வீட்டுக்கு வரும். பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்பவர்களுக்கும் இதுதான் பதில். விதி புத்தகத்தில் இருக்கிறது. தீ தள்ளுகிறது என்ற பிள்ளையின் சொந்த நம்பிக்கையை அந்த விதி தொடுவதில்லை. விசிறிக் காற்றில் உப்பியும் எழாத துணி, சூடேறியதும் எழுவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பழைய நம்பிக்கை அசைகிறது.

செய்ய வேண்டியவை

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ தேவைப்படாது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை வழியாக அறிவியலையும் கணக்கையும் சொல்லித்தர 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. கிராமம் கிராமமாக அறிவியலைக் கொண்டுபோன அனுபவம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு இருக்கிறது. விழா நடக்கும் மாவட்டத்தில் கார்த்திகையிலேயே ஆசிரியர்களுக்குக் காகித பலூன் பயிற்சி கொடுத்துவிடலாம். மார்கழி முழுவதும் பிள்ளைகள் காலையில் ஒரே நேரத்தில், கொடிக்கம்பத்தில் கட்டிய துணி நாடாவையும் தூரத்துப் புகையையும் மேகத்தையும் பார்த்துக் காற்றின் திசையைக் குறித்துவைக்கலாம். விழாவன்று பலூன்கள் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களே கணித்து, பள்ளி வாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். விழாக் காலையில் முதல் ஒரு மணி நேரத்தைப் பள்ளிகளுக்கு ஒதுக்கி, துணி விரிவதிலிருந்து கிளம்புவது வரை தமிழில் விளக்கம் சொல்ல ஒவ்வொரு பலூனுக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரை நிறுத்தலாம். பைலட் எந்த மொழி பேசினாலும் பிள்ளையின் கேள்வியை அவரிடமும் பதிலைப் பிள்ளையிடமும் கொண்டுசேர்ப்பது அந்த ஆசிரியரின் பொறுப்பு. அன்று மாலையே ஒவ்வொரு பலூனும் இறங்கிய இடத்தை விழாக் குழு வெளியிட்டால், கணிப்பு எவ்வளவு தூரம் சரியானது என்று வகுப்பறையில் சரிபார்க்கலாம்.

விழா நடத்துபவர்களுக்கும் இதில் நட்டமில்லை. சவாரிக்கு வருபவர் ஒருமுறை வருவார். பலூனைப் புரிந்துகொண்ட பிள்ளை வீட்டையே கூட்டிக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் வரும், சிவப்புக் கொடி ஏறிய நாளில் கோபப்படாமல் ஏன் என்று கேட்கும். ஆல்புகர்கியில் 13 பலூன் ஐந்நூறானதற்கு அந்த ஊர்க்காரர்கள் பலூனைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது முக்கியமான காரணம். பள்ளிக் காலத்தில் திடலுக்கு வந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் பலூன் விரிக்க உதவும் தொண்டர்களாக வருகிறார்கள், சிலர் பைலட்களாகவும் ஆகிறார்கள். தமிழ்நாட்டில் பத்து ஆண்டுகளாக வானத்தை வெளிநாட்டு பைலட்கள் அலங்கரிக்கிறார்கள். இனி வரும் பத்து ஆண்டுகளில் பொள்ளாச்சியிலும் மதுரையிலும் காற்றைப் படிக்கத் தெரிந்த பைலட்களும் வானிலை ஆய்வாளர்களும் இயற்பியல் ஆசிரியர்களும் உருவானால், அதுவே இந்த விழாவின் வெற்றி. அதற்கான வேலையை அடுத்த பொங்கலுக்கு முன், வரும் கார்த்திகையிலேயே, பள்ளிக் கல்வித் துறையும் சுற்றுலாத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொடங்க வேண்டும்.